குமரேசனுக்காக ஒரு லினக்ஸ்

நான் பணி ஓய்வு பெற்ற பின் என்னைப் பார்ப்பதற்காக, என் பிரிவில் வேலை செய்த இளைஞர்கள் இருவர் அடையாறில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வந்த சிறிது நேரத்துக்கெல்லாம் என்னை மறந்துவிட்டுத் தங்களுக்குள் வாதிடத் தொடங்கினார்கள். கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான லினக்ஸ் ஒன்றுதான் என்றாலும் அதைப் பலர் பலவிதமாகக் கட்டித் தருகிறார்கள். அந்தக் கட்டுகளை டிஸ்ட்ரோ என்று அழைக்கிறோம். புதிதாக வருகிறவருக்கு எந்த டிஸ்ட்ரோ ஏற்றது என்பதுதான் வாதம். ஒருவன் முகப்பின் அழகைச் சொன்னான். மற்றவன் வேகத்தைச் சொன்னான்.

கடைசியில் என் பக்கம் திரும்பி, "மேடம், நீங்க மொத மொத எதைப் போட்டீங்க? எதை வச்சுத் தேர்ந்தெடுத்தீங்க?" என்று கேட்டார்கள். அதோடு விடவில்லை. "நம்ம ஆஸ்பத்திரியில பழைய ஆளுங்க மட்டும் லினக்ஸ்னாலே ஏன் மேடம் பயப்படறாங்க? பாதியிலயே நின்னு தொங்கிடும், தொங்கிடும்னே சொல்றாங்க?"

காபி ஆறுகிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். அவர்கள் போன பிறகு நெடுநேரம் யோசித்தேன். அந்தப் பயத்துக்குப் பின்னால் இருந்த காரணம் எனக்குத் தெரியும். அதில் சம்பந்தப்பட்ட இருவரும் இன்று உயிருடன் இல்லை. பெயர்களை மாற்றிவிட்டேன். எவருக்கும் இனித் தீங்கு நேராது என்று எனக்கு நானே பலமுறை உறுதி செய்துகொண்ட பிறகே இதை எழுதுகிறேன்.

பௌதிகத்தில் பட்டமும் கணினியில் ஒரு பட்டயமும் பெற்று, மயிலாப்பூரில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் சேர்ந்தேன். கணினிப் பிரிவு என்று பலகை இருந்தது. பலகைக்குக் கீழே நான் மட்டும் இருந்தேன். முதல் சில ஆண்டுகள் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை எடுப்பதிலும், ஈரக்காற்றில் கெட்டுப்போன ஃப்ளாப்பிகளைத் தூக்கி எறிவதிலும் கழிந்தன. சொல்லத்தக்கது அதன்பின்தான் தொடங்குகிறது.

மருத்துவமனையின் தட்டச்சு அறையில் குமரேசன் என்பவர் இருந்தார். ராயப்பேட்டைக்காரர், பிறவியிலேயே பார்வையற்றவர். நோயாளி வீடு திரும்பும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியை மருத்துவர்கள் சிறு டேப்பில் ஆங்கிலத்தில் பேசி அனுப்புவார்கள். குமரேசன் அதைக் கேட்டுத் தட்டச்சு செய்வார். காலடியில் ஒரு மிதி. மிதித்தால் டேப் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். இடது காதில் டேப்பின் இயர்போன். வலது காதில் இன்னொரு இயர்போன். அது, வெளிநாட்டு நன்கொடையாக வந்த ஒரு பேச்சுப் பெட்டியிலிருந்து வந்தது. கணினித் திரையில் விழும் எழுத்துகளை அந்தப் பெட்டி ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டும். ஆக, இடது காதில் டாக்டரின் குரல், வலது காதில் தம் விரல்கள் அடித்ததன் குரல்; இரண்டுக்கும் நடுவே பிழையின்றி வேலை செய்வார்.

"எனக்கு ரெண்டு பொஞ்சாதி மேடம். ஒருத்தி சொல்லுவா, இன்னொருத்தி அத்தயே திருப்பிச் சொல்லுவா. நடுவுல நான் வாயத் தொறக்கக் கூடாது" என்பார்.

வாய் திறக்காதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. மருத்துவர்களின் உச்சரிப்பை ஆளுக்கேற்ப நடித்துக் காட்டுவார். சிடுசிடுப்பும் உண்டு. அனுமதி கேட்காமல் கைபிடித்து நடத்திச் செல்ல வருகிறவர்களை, "நான் இன்னா காய்கறிக் கூடையா, தூக்கிக்கினு போறதுக்கு?" என்று உதறிவிடுவார். ஆனால் டேப்பில் கேட்டது எதையும் அறைக்கு வெளியே ஒருபோதும் சொன்னதில்லை. யாருக்கு எந்த நோய் என்பது அந்த மருத்துவமனையில் அவரளவுக்கு வேறெவருக்கும் தெரியாது. அப்படித் தெரியும் என்பது எங்களில் பலருக்கு நினைவில்கூட இல்லை.

எங்கள் நிர்வாக அதிகாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரதன் என்று வைத்துக்கொள்வோம். மயிலாப்பூரில் நான்காவது தலைமுறை. குரலை உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. குமரேசன் தம் அறைக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பார். எழுந்து நிற்பதை அவரால் பார்க்க இயலாது என்பது தெரிந்தும் எழுந்து நிற்பார். எதற்கும் முடியாது என்று சொல்லமாட்டார். "பார்க்கலாம்" என்பார். பேச்சு நடக்கும்போது மைப்பேனாவின் மூடி மேசையில் தனியே கிடக்கும். முடிவு செய்துவிட்டால் மூடியை எடுத்துப் பேனாவில் பொருத்துவார். மெல்லிய 'க்ளிக்' ஒன்று கேட்கும். அதன்பின் எதைச் சொன்னாலும் புன்னகைதான். எங்களுக்கு அந்த மூடியைப் பார்த்துத் தெரியும். குமரேசனுக்கு ஓசையில் தெரியும். "க்ளிக் வந்துடுச்சு மேடம், எழுந்து வாங்க" என்று என் காதில் முணுமுணுப்பார்.

நான் சொல்லவரும் நிகழ்ச்சிக்கு முந்தைய ஆண்டு வார்டு பாய் ஒருவரைப் பற்றி ஒரு பேச்சு எழுந்தது. எய்ட்ஸ் என்ற சொல்லை மருத்துவமனைக்குள்ளேயே தாழ்ந்த குரலில் சொன்ன காலம் அது. பேச்சு உண்மையா என்று எவரும் விசாரிக்கவில்லை. வரதன் அவரை அழைத்து உட்காரவைத்துக் காபி கொடுத்து, "கொஞ்ச நாள் ஆத்துல ரெஸ்ட் எடுத்துண்டு வாங்கோ" என்றார். க்ளிக். அந்த மனிதர் திரும்ப வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி ஆண்டில், இரண்டாயிரம் பிறக்கும்போது பழைய மென்பொருள்கள் தேதியைப் பிழையாகக் கணக்கிடும் என்ற அச்சம் எங்கும் பரவியது. எங்கள் டாஸ் கணினிகள் அனைத்தையும் அகற்றி, சன்னல் சன்னலாகத் திறக்கும் புதிய மென்பொருளை நிறுவ அறக்கட்டளை முடிவு செய்தது. பழைய கணினி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்பது உத்தரவு. குமரேசனின் பேச்சுப் பெட்டிக்கு வரி வரியாக விழும் எழுத்துத் திரையை மட்டுமே வாசிக்கத் தெரியும். படங்களும் பொத்தான்களும் நிறைந்த புதிய திரையின் முன் அது ஊமையாகிவிடும். அத்தகைய திரையையும் வாசிக்கும் மென்பொருள் வெளிநாட்டில் இருந்தது. அதன் விலையைச் சொன்னபோது, வரதன் பேனா மூடியைக் கையில் எடுத்துவிட்டார்.

"அவரை டெலிபோன் போர்டுக்கு மாத்தலாம்னா, அதுவும் ஆட்டோமேடிக் ஆயிடுத்தே" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

மூடி பொருந்துவதற்குள் நான் லினக்ஸைப் பற்றிச் சொன்னேன். இலவசம், எழுத்துத் திரையிலேயே முழுதும் இயங்கும், தேதிச் சிக்கல் இல்லை, புதிய சர்வருக்குக் கோப்புகளை அனுப்பவும் தெரியும். நான் அதுவரை லினக்ஸைக் கண்ணால் பார்த்ததில்லை, படித்ததோடு சரி. வரதன் சற்று யோசித்து மூடியைத் திரும்பவும் மேசையில் வைத்தார்.

"டிசம்பருக்கு முன்னாடி கமிட்டி முன்னால ஒரு சம்மரி அடிச்சுக் காட்டட்டும். காட்டிட்டார்னா இருக்கட்டும். இல்லேன்னா என்னை அப்புறம் கேட்கக் கூடாதும்மா."

குமரேசனின் வேலை அந்த ஒரு சம்மரியில் போய் நின்றது. மனைவியும் பள்ளிக்குப் போகும் மகளும் அந்தச் சம்பளத்தில் இருந்தார்கள்.

மூன்று வட்டுகளைச் சேகரித்தேன். ஒன்று, ஒரு கணினி மாத இதழோடு வந்தது, சிவப்பு உறை. இன்னொன்று ரிச்சி தெருவில் வாங்கியது, மஞ்சள் உறை. மூன்றாவதை, கிண்டிப் பக்கம் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியிடம் பிரதி எடுத்து வாங்கினேன். உறையே இல்லாத வெள்ளை வட்டு. அவற்றின் அசல் பெயர்கள் எங்கள் வாயில் நிற்கவில்லை. சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்றே அழைத்தோம். குமரேசனும் அப்படியே அழைத்தார்; நிறங்கள் அவருக்கு வெறும் பெயர்கள்தாம், வட்டுகளின் அசல் பெயர்கள் எனக்கு இருந்ததைப் போலவே.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில், நோயாளிகளைப் பார்க்க வருவோரின் கூட்டம் கலைந்த பிறகு, தட்டச்சு அறையில் இருவரும் உட்கார்ந்தோம். முதலில் சிவப்பு. அதைப் பரிந்துரைக்காதவர் இல்லை. துவக்க ஃப்ளாப்பி ஒன்றைத் தயாரித்தேன், அது கெட்டது, இன்னொன்று தயாரித்தேன். வன்தட்டை எப்படிப் பிரிப்பது என்று அது கேட்ட இடத்தில், கையேட்டை விரித்துவைத்துக்கொண்டு, பிள்ளையாரை வேண்டியபடி என்டர் விசையைத் தட்டினேன். அதன்பின் எல்லாம் தானே நடந்தது. அழகிய நீலத் திரையும் சின்னச் சின்னப் படங்களும் வந்தபோது, உண்மையிலேயே கைதட்டிவிட்டேன்.

"சோக்கா கீதுங்களா மேடம்?" என்றார் குமரேசன்.

"ரொம்ப அழகா இருக்கு குமரேசன்."

"யாருக்கு?"

விசைகளைத் தட்டினார். பெட்டி பேசவில்லை. அந்தப் படங்களை விலக்கி அடியில் உள்ள எழுத்துத் திரைக்குப் போக வழி இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் பார்வையுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து வழிகாட்ட வேண்டியிருந்தது. "காய்கறிக் கூடை" என்று மட்டும் சொல்லி எழுந்தார்.

மஞ்சள் வட்டுக்கு மூன்று ஞாயிறுகளுக்குமேல் கொடுத்தோம். எழுத்துத் திரையில் இயங்கியது. பெட்டியைப் பேசவைக்கும் நிரலை ஏற்ற முயன்றபோது, அது இன்னொரு நிரலைக் கேட்டது. அந்த இன்னொன்று வேறொன்றைக் கேட்டது. கடைசியில் கேட்டது எங்களிடம் இல்லை. அரசு அலுவலகத்தில் சான்றிதழுக்கு அலைவதுபோல் இருக்கிறது என்று குமரேசன் சலித்துக்கொண்டார்.

வெள்ளை வட்டைத் தந்த மாணவியே, "இது கத்துக்குட்டிகளுக்கு இல்ல மேடம்" என்று எச்சரித்திருந்தாள். படம் இல்லை, வண்ணம் இல்லை. கேள்வி, பதில், கேள்வி, பதில் மட்டுமே. ஆனால் அதன் குறிப்புகளில் ஒரு வரி கண்ணில் பட்டது. துவக்கும்போதே ஒரு கட்டளையைச் சேர்த்தால், திரைக்குப் போகும் எழுத்துகள் அனைத்தும் கணினியின் பின்புறமுள்ள சீரியல் போர்ட் என்ற செருகுவாய் வழியாக வெளியேறும். பேச்சுப் பெட்டி செருகப்பட்டிருந்ததும் அதே போர்ட்டில்தான்.

கட்டளையைச் சேர்த்துக் கணினியை அணைத்துப் போட்டேன். பெட்டி உடனே பேசத் தொடங்கியது. நினைவகம் எவ்வளவு, வன்தட்டு எது, விசைப்பலகை எங்கே என்று, இயந்திரம் விழித்தெழும்போது தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஒவ்வொரு வரியையும் கடகடவென்று வாசித்தது. பழைய டாஸில் இது நடந்ததே இல்லை. அதில் எல்லாம் எழுந்து முடிந்த பிறகே பேச்சு வரும். இடையில் ஏதேனும் தவறினால் குமரேசன் இருட்டில் காத்திருக்க வேண்டும்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "இன்னா மேடம் இது! பொறக்கும்போதே பேசிக்கினு பொறக்குது!"

அன்று நாங்கள் ஏற்றியிருந்ததை எல்லாம் அழிக்கச் சொன்னார். அழித்தேன். வெள்ளை வட்டைப் போட்டு, கேள்விகளைத் தாமே காதால் கேட்டு, பதில்களைத் தாமே தட்டி, முழு லினக்ஸையும் தனியாக நிறுவினார். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் அமர்ந்திருந்தேன். எந்த டிஸ்ட்ரோ எளியது என்ற கேள்விக்கு, யாருக்கு என்று திருப்பிக் கேட்காமல் நான் இன்றுவரை பதில் சொன்னதில்லை.

அடுத்த வாரங்களில் அடிப்பதை வாசித்துக் காட்டும் எடிட்டர் நிரல் ஒன்றில் அவருடைய கை பழகியது. இயந்திரம் ஒருமுறைகூட நிற்கவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

கமிட்டி கூடிய நாளில் தட்டச்சு அறையில் வரதன், நர்சிங் சூப்பிரண்டென்ட், கொள்முதல் அதிகாரி ஆகிய மூவரும் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். திரை என் பக்கம் திரும்பியிருந்தது. அன்று வந்திருந்த டேப்புகளில் ஒன்றை சூப்பிரண்டென்ட் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். குமரேசன் இரண்டு இயர்போன்களையும் காதில் பொருத்தினார்.

"குமரேசன், பெட்டி பேசறது எங்களுக்குக் கேட்கலையே" என்றார் வரதன்.

"கேக்கக் கூடாது சார். இது பேஷன்ட்டு சமாச்சாரம்."

"அது பேசறதுன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது? நாங்க என்ன வெளி மனுஷாளா? அந்த வயரை எடுத்துடுங்கோம்மா."

எடுக்கட்டுமா என்று குமரேசனைக் கேட்டேன். அவர் தலையசைத்த பிறகு வலது காதின் இயர்போனைப் பெட்டியிலிருந்து உருவினேன்.

மிதியை மிதித்தார். விரல்கள் ஓடின. ஒவ்வொரு வரி முடியும்போதும் பெட்டி அதை உரக்க வாசித்தது. நோயாளியின் பெயரை அது தன் அமெரிக்க நாக்கால் 'கேனியாமெல்' என்று கடித்துத் துப்பியபோது, எல்லாரும் சிரித்தார்கள். வயது வந்தது. தொழில் வந்தது: இதே மருத்துவமனையில் ஆயா.

"அடடே, நம்ம கன்னியம்மாவா! காய்ச்சல்னு போன வாரம் அட்மிட் ஆனாளே, அவதான்" என்றார் சூப்பிரண்டென்ட்.

மூன்றாவது மாடியைத் துடைக்கும் கன்னியம்மாவை அறியாதவர் அங்கே இல்லை. வாயாடி. கணவன் இறந்து, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அடையாற்றின் கரையோரக் குடிசையில் இருந்தாள்.

காய்ச்சல் எத்தனை நாள், எடை எவ்வளவு குறைந்தது என்று வரிகள் வந்தன. பெட்டி தெளிவாக வாசித்தது. வரதனின் முகத்தில் மலர்ச்சி. கொள்முதல் அதிகாரி, "பிரமாதம்" என்றே சொல்லிவிட்டார். 'பரிசோதனைகள்' என்ற ஆங்கிலத் தலைப்பைப் பெட்டி வாசித்தது.

விரல்கள் நின்றன. அதற்கு ஒரு கணம் முன்னதாகவே மிதியிலிருந்து கால் எழுந்துவிட்டதை நான் பார்த்தேன்.

"என்ன ஆச்சு?" என்றார் வரதன்.

குமரேசனின் முகத்தில் ஒன்றும் இல்லை. "மிஷின் தொங்கிடுச்சு சார்."

நான் திரையைப் பார்த்தேன். தலைப்புக்குக் கீழே அடுத்த எழுத்துக்காகக் கர்சர் ஒளிர்ந்து அணைந்து ஒளிர்ந்துகொண்டிருந்தது. இயந்திரம் தொங்கவில்லை. ஒரே ஒரு விசையைத் தட்டினால் போதும், பெட்டி பேசியிருக்கும். என் கை விசைப்பலகையை நோக்கி நகர்ந்தது. நகர்வு அவருக்கு எப்படிக் கேட்டதோ தெரியாது.

"தொடாதீங்க மேடம். தொங்கிடுச்சு."

மாதக்கணக்கில் சேர்ந்து உழைத்த ஒருவர், தம் வாழ்க்கையே அதில் தொங்குவதை அறிந்தவர், பொய் சொல்கிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"சார், இன்னொரு டேப் போட்டுக் காட்டறோம். ரெண்டு நிமிஷம்" என்றேன்.

வரதன் எழுந்தார். குரலில் கடுமை சிறிதும் இல்லை. "பாருங்கோம்மா, ஆஸ்பத்திரியில இன்னொரு தரம்னு கிடையாது. நடுவுல நிக்கற மிஷினை நம்பி எதை வச்சுண்டிருக்க முடியும்?" சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்துக் கோப்பில் ஒரு வரி எழுதினார்.

க்ளிக்.

அவர்களின் காலடி ஓசை தேயும்வரை குமரேசன் காதைத் தீட்டிக் கேட்டார். பின், "அந்த இயர்போனச் சொருகுங்க மேடம். கதவ சாத்துங்க" என்றார். செய்தேன். மிதியை மிதித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தலைப்புக்குக் கீழே அடுத்த வரி விழுந்தது. இரத்தப் பரிசோதனையின் பெயர். இரண்டு முறை செய்யப்பட்டது. இரண்டு முறையும் அதே விடை. வார்டு பாய்க்குக் கொடுக்கப்பட்ட காபி எனக்கு நினைவுக்கு வந்தது.

"ரகசியம்னு சொல்லி இருக்கலாமே குமரேசன்."

"பேரு வெளிய வந்துடுச்சு. அப்பால ரகசியம்னு சொன்னா, இன்னா ரகசியம்னு தெரியாதா அவங்களுக்கு?"

"வேற எதையாவது அடிச்சிருக்கலாம்."

"டாக்டர் சொல்லாதத அடிச்சா அதுக்குப் பேரு சம்மரியா?" கடைசி வரியை முடித்து, முழுவதையும் ஒருமுறை வலது காதில் வாசிக்கக் கேட்டு, அச்சிடச் சொன்னார். உறையில் இட்டு ஒட்டி, மருத்துவரின் கையிலேயே கொடுக்கச் சொன்னார். அந்த மருத்துவமனைக்கு அவர் அடித்த சம்மரிகளுள் ஏறக்குறைய கடைசி அது.

ஆண்டிறுதியில் அவரை விடுவித்தார்கள். வரதன் எழுந்து நின்று சால்வை போர்த்தினார். ராயப்பேட்டையில் ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்தார் குமரேசன். சில ஆண்டுகளில் கைப்பேசிகள் வந்தன, பூத் போயிற்று. மகளின் படிப்பு பள்ளியோடு நின்றது. நான் செய்ய முடிந்த உதவிகளைச் செய்தேன். அவற்றில் பாதியை அவர் ஏற்கவில்லை. வரதன் கோப்பில் எழுதிய ஒரு வரி மட்டும் நிலைத்துவிட்டது. லினக்ஸ் நடுவில் நின்றுவிடும் என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி, அவர் அடுத்தவருக்குச் சொல்லி, நான் ஓய்வுபெறும்வரை அந்த மருத்துவமனை அதை நம்பியது. மறுக்க என்னிடம் சான்று இருந்தது. சான்றைக் காட்டினால் அடுத்த கேள்வி எழும்: பின் அவர் ஏன் நிறுத்தினார்?

கன்னியம்மா காய்ச்சல் தணிந்து வேலைக்குத் திரும்பினாள். உடல் இடங்கொடுத்த வரை, இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் மூன்றாவது மாடியைத் துடைத்தாள். திரும்பிய முதல் வாரத்தில், என் அறை வாசலில் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா, எங்கிருந்தோ ஒரு மிஷினக் கொண்டாந்து, அந்தாளு வயித்துல அடிச்சிட்டியாமே? நல்லாத்தானே வேல செஞ்சிகினு இருந்தாரு, பாவம். பெரிய படிப்புப் படிச்சிகினு, நின்னு போற மிஷினா பாத்து எடுத்தியே?"

அவள் பின்னால் ஈரத்தரை பளபளத்தது. அந்தப் பக்கமாகப் போன நர்சுகள் இருவர் நின்று கேட்டார்கள்.

"ஆமாம் கன்னியம்மா" என்றேன். "நின்னுபோச்சு."